வண்டிப் பட்டறை: சின்ன ஜீப்புக்கு எத்தனை பவுண்டு வின்ச்?

சேற்றில் மாட்டிய வண்டியை வெளியே எடுப்பது பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வின்ச் பற்றியவை. சம்பா நடவு முடிந்து மழையும் பிடித்துக்கொள்ளும் காலம் இது, கேட்காமல் என்ன செய்வார்கள்! அதனால் இந்த இதழில் என்ஜின், கிளட்ச் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு வின்ச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: வின்ச் என்பது வண்டியின் முன்பக்கம் பூட்டுகிற மின் மோட்டார். அது பல்சக்கரம் வழியாக ஒரு உருளையைச் சுற்றும், உருளையில் கயிறு இருக்கும். கயிற்றின் நுனியை ஒரு மரத்தில் மாட்டிவிட்டு மோட்டாரை ஓட்டினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறும்.

கேள்வி: ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஜீப் வைத்திருக்கிறேன். வயல் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. ஐப்பசி பிறந்தால் பாதை குழம்பாகிவிடும். கடையில் கேட்டால், "12,000 பவுண்டு போடுங்க, கவலையே இருக்காது" என்கிறார்கள். நண்பரோ, "வண்டியே 1200 கிலோதான், 4500 பவுண்டு தாராளம்" என்கிறார். எதை வாங்குவது? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: இரண்டுமே வேண்டாம். 8000 பவுண்டு வாங்குங்கள். அது கிடைக்காமல் 9500 கிடைத்தால் அதையும் வாங்கலாம். ஏன் என்று சொல்கிறேன். கணக்கு தெரிந்தால் அடுத்த வண்டிக்கு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் பவுண்டைக் கிலோவாக்குங்கள். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட இல்லை, 454 கிராம்தான். 4500 பவுண்டு என்றால் 2041 கிலோ. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பட்டறை ஆரம்பித்த புதிதில் என் ஜிப்ஸிக்கு ஒரு 4500 வின்ச் வாங்கினேன். விற்றவர் நாலரை டன் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார். பெட்டியில் இருந்த பவுண்டைக் கிலோவாக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு கூப்பாடு வந்தது. ஒருவருடைய அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஊருக்குள் வேறு வண்டி வர முடியவில்லை. போன வழியில் வாய்க்கால் திருப்பத்தில் என் ஜிப்ஸி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. ஆறேழு மீட்டர் தள்ளி ஒரு தென்னை நின்றது. அதில் கயிற்றை மாட்டி இழுத்தேன். மோட்டார் முனகியது, நின்றது, புகை வந்தது. அம்மாவைக் கட்டிலில் தூக்கித் தோளில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த இரவு எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் காலையில் அதே வண்டி அதே வின்ச்சில்தான் வெளியே வந்தது. மாற்றியது இரண்டே விஷயம். அருகில் இருந்த தென்னையை விட்டுவிட்டு, பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்ற புளியமரத்தில் ஒரு கப்பியைக் கட்டினேன். கயிற்றைக் கப்பி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து என் வண்டியிலேயே மாட்டினேன். நீங்கள் வின்ச் வாங்கப் போகுமுன் புரிந்துகொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் எண், உருளையை ஒட்டிய முதல் அடுக்குக் கயிறு மட்டும் மிச்சம் இருக்கும்போது கிடைக்கிற வலு. கயிறு மேலே மேலே அடுக்காக ஏற ஏற உருளை குண்டாகும். மோட்டாரின் முறுக்கு அதேதான், ஆனால் கயிறு மையத்திலிருந்து விலகிப் போவதால் இழுப்பு குறைகிறது. நாலாவது அடுக்கில், வின்ச்சைப் பொறுத்து, கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் போய்விடும். 8000 பவுண்டு வின்ச் முதல் அடுக்கில் 3600 கிலோ இழுக்கும் என்றால், நாலாவது அடுக்கில் 2100, 2200 கிலோ இழுத்தால் அதிகம். பக்கத்துத் தென்னையில் கட்டினேனே, அன்று என் வின்ச்சின் கயிறு முக்கால்வாசி உருளையிலேயே இருந்தது. இரண்டாயிரம் கிலோ இழுக்க வேண்டிய வின்ச் ஆயிரத்து இருநூறு இழுத்திருந்தாலே பெரிது.

அடுத்து உங்கள் வண்டியின் எடை. உங்கள் நண்பர் சொல்லும் 1200 காலி வண்டியின் எடை. ஜிம்னி முழு பாரத்தோடு 1545 கிலோ வரை போகலாம் என்று கம்பெனித் தாளிலேயே இருக்கிறது. நீங்கள் காலியாகவா போவீர்கள்? இரண்டு ஆள், இரண்டு மூட்டை யூரியா (மூட்டை 45 கிலோ), டீசல் கேன், மண்வெட்டி, பம்ப்செட்டுக்கு ஒரு சாமான் என்று சேர்த்தால் 1450 வந்துவிடும். இதை யூகத்தில் விடாதீர்கள். நெல் லாரி ஏறுகிற எடை மேடையில், வழக்கமாக வயலுக்குப் போகும் பாரத்தோடு ஒரு தடவை வண்டியை ஏற்றி இறக்குங்கள். டீக்காசுதான் செலவு.

உலகம் முழுக்கச் சொல்லும் பொதுவான கணக்கு, முழு பாரத்தோடு உள்ள வண்டி எடையில் ஒன்றரை மடங்கு. 1545-க்கு ஒன்றரை மடங்கு 2318 கிலோ, அதாவது 5100 பவுண்டு சொச்சம். அப்படிப் பார்த்தால் 6000 பவுண்டு வின்ச் போதும். மேட்டு நிலத்தில், மணலில், செம்மண்ணில் ஓட்டுபவருக்கு அது சரியும்கூட. நம் களிமண்ணுக்கு நான் அதோடு நிறுத்தமாட்டேன்.

அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேட்டில் சேற்றுக்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடை அளவு இழுப்பு வேண்டும். மட்கார்டு அளவுக்கு என்றால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே, உட்காரும் இடம் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. என் அனுபவத்தில் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கத்துக் களி இந்தக் கணக்குக்கு அப்படியே உடன்படுகிறது. தொழி அடித்த வயலில் வண்டியின் அடித்தட்டு சேற்றில் படிந்துவிட்டால் அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நடவு வயலில் காலை எடுக்கும்போது 'சொளக்' என்று ஒரு பிடிப்பு வருமே, அதே பிடிப்பு ஒரு கட்டில் அகலத்துக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, 1450 கிலோ வண்டி மட்கார்டு வரை போனால் 2900 கிலோ இழுப்பு தேவை. 4500 பவுண்டு வின்ச்சின் எந்த அடுக்கிலும் அது கிடையாது. 6000-க்கு முதல் அடுக்கில்கூட 2700தான். 8000-க்கு முதல் இரண்டு அடுக்கில் கிடைக்கும், கப்பி போட்டால் எந்த அடுக்கிலும் கிடைக்கும். அதனால்தான் 8000 என்றேன்.

கப்பி என்றதும் கிணற்றுக் கப்பி நினைவுக்கு வரும். அது வலுவைக் கூட்டாது. மேலே இழுப்பதைக் கீழே இழுப்பதாகத் திசையை மட்டும் மாற்றும். இங்கே நடப்பது வேறு. கப்பி மரத்தில் நிற்கிறது, கயிறு அதைச் சுற்றித் திரும்பி வந்து உங்கள் வண்டியின் கொக்கியிலேயே மாட்டப்படுகிறது. இப்போது வண்டியை இரண்டு கயிறு இழுக்கிறது. உராய்வில் கொஞ்சம் போனாலும் இழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு, வேகம் பாதி. இன்னொரு லாபமும் உண்டு. கயிறு இரண்டு மடங்கு வெளியே போவதால் உருளையில் அடுக்கு குறைந்து, வின்ச் தன் முழு வலுவுக்கு வந்துவிடும். இதற்குக் கடையில் ஸ்னாட்ச் பிளாக் என்று கேட்க வேண்டும். வின்ச்சுக்குக் கொடுக்கும் பணத்தோடு பார்த்தால் சின்னத் தொகை. வின்ச்சை வாங்கிவிட்டுக் கப்பியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுகிறவர்களிடம் நான் சண்டையே போடுவேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வண்டிக்கு இரட்டிப்பு இழுப்பு என்றால் மரத்துக்கும் இரட்டிப்புப் பாரம். மெலிந்த மரத்தில் கப்பி கட்டாதீர்கள்.

சரி, கூட இருந்தால் நல்லதுதானே, 12,000 ஏன் வேண்டாம்? அது 5400 கிலோ இழுக்கும் வின்ச், உங்கள் வண்டியின் எடையில் மூன்றரை மடங்கு. அவ்வளவு இழுப்பைத் தாங்குகிற மாதிரி ஜிம்னியின் முன் சேஸிஸில் தகடு பிடிப்பது லேசான வேலை இல்லை. மீறி இழுத்தால் வண்டி வருவதற்கு முன் பொருத்திய இடம் வந்துவிடும். அப்புறம் பாரம். இரும்புக் கயிறோடு பெரிய வின்ச், அதைத் தாங்க இரும்பு பம்பர் என்று சேர்ந்தால் 80 கிலோ தாண்டும். அந்த 80 கிலோ முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும். சேற்றில் முதலில் மூக்குதான் இறங்கும். சிக்காமல் இருக்க வாங்கிய சாமானே சிக்க வைக்கும்.

கடைசியாக இரண்டு பழக்கம். எந்த வழியாக உள்ளே போனீர்களோ அதே வழியில் பின்னோக்கி இழுத்தால் எளிது, தடம் ஏற்கெனவே வெட்டியிருக்கும். முன்னால் வின்ச் இருப்பவர்களுக்குப் பின்னால் இழுக்க இன்னொரு வண்டியோ கையால் இயக்கும் இழுவையோ வேண்டும். அது இல்லாவிட்டாலும், முதலில் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி, வைக்கோலைத் திணித்துவிடுங்கள்; பிறகு வின்ச் இழுக்கும்போது முதல் கியரில் சக்கரம் மெல்லச் சுழலட்டும். திருவாரூரில் ஆழித்தேர் நிலையிலிருந்து நகரும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிக்க அத்தனை ஆயிரம் கைகள் இருந்தும் பின்னாலிருந்து இயந்திரம் தள்ள வேண்டியிருக்கிறது. நின்ற பாரத்தைக் கிளப்புவதுதான் கஷ்டம். கிளம்பிவிட்டால் பாதி இழுப்பில் வரும்.

கேள்வி: எனக்கு 24 வயது. தாத்தாவின் பழைய ஜிப்ஸியைச் சரிசெய்து 8000 பவுண்டு வின்ச் போட்டேன். இரண்டு நிமிடம் இழுத்தால் பேட்டரி இறங்கி என்ஜினும் நின்றுவிடுகிறது. வின்ச் பெரிதாகிவிட்டதா? (வாசகர், ஒரத்தநாடு)

பதில்: தம்பி, வின்ச் சரியான அளவுதான். தாத்தா வண்டியை விற்காமல் சரிசெய்திருக்கிறீர்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. குறை மின்சாரப் பக்கம்.

இந்த அளவு வின்ச் சும்மா சுற்றினாலே எழுபது, எண்பது ஆம்பியர் எடுக்கும். முழு பாரத்தில் நானூறு ஆம்பியர் வரை போகும். நானூறு ஆம்பியரை ஒரு நிமிடம் எடுத்தால் பேட்டரியிலிருந்து ஏழு ஆம்பியர்-அவர் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) போச்சு. சின்ன பெட்ரோல் வண்டிகளில் 35 முதல் 45 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். அதிலும் பாதி இறங்குவதற்குள்ளேயே வோல்ட்டேஜ் விழுந்துவிடும். வோல்ட்டேஜ் விழுந்தால் மோட்டார் இன்னும் சூடாகும். ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்புமே என்றால், பழைய ஜிப்ஸியின் ஆல்டர்னேட்டரில் விளக்கு, இக்னிஷன் எல்லாம் போக நாற்பது ஆம்பியர் மிஞ்சினால் பெரிது. ஒரு நிமிட முழு இழுப்பை ஈடுகட்ட அதற்குப் பத்து நிமிடம் வேண்டும்.

அதனால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஆக்ஸிலேட்டரை லேசாக ஏற்றி வையுங்கள். அரை நிமிடம் இழுங்கள், நிறுத்துங்கள், மோட்டாரின் மேல் கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் காத்திருங்கள். அவசரப்படும் ஆள் பக்கத்தில் நின்றால் அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். பேட்டரியை 60 ஆம்பியர்-அவர் அளவுக்கு மாற்றுங்கள், தட்டில் இடம் பற்றாவிட்டால் தட்டை மாற்றலாம். இன்னொன்று, உங்கள் வின்ச்சின் எர்த் கம்பியைப் பாடியில் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். என்னிடம் வரும் பழைய வண்டிகளில் பாதிக்கு இதே கோளாறுதான். துருப்பிடித்த பாடி வழியாக நானூறு ஆம்பியர் போகாது. வின்ச்சோடு வந்த தடித்த கம்பியை நேராக பேட்டரியின் மைனஸில் பிடியுங்கள். பிளஸ் பக்கம் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள். வேலை இல்லாதபோது அது அணைந்தே இருக்க வேண்டும். ஈரத்தில் சொலினாய்டு (வின்ச்சுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு வின்ச் தானாக ஓடிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். தன் பம்பரையே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

கப்பி போட்டால் ஆம்பியரும் குறையும். பாதி பாரம்தானே!

கேள்வி: எங்கள் படுகையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான், மரமே இல்லை. வின்ச் வாங்கி எதில் கட்டுவது? ஒரு தடவை மின்கம்பத்தில் கட்டி இழுத்தோம், வந்தது. (வாசகர், அணைக்கரை)

பதில்: இந்த இதழில் வந்த கடிதங்களில் என்னை உட்கார விடாமல் செய்தது இது. மின்கம்பத்தில் இனி ஒருநாளும் கட்டாதீர்கள். கம்பம் செங்குத்தாக நிற்பதற்காக நட்டது, பக்கவாட்டில் ஒன்றரை டன் இழுப்பதற்காக இல்லை. ஈர மண்ணில் அது சாய்ந்தால் கம்பி அறுந்து, தண்ணீர் நிற்கும் வயலில் விழும். நீங்கள் நிற்பதும் அதே தண்ணீரில்தான். அன்று வந்ததே என்று திரும்பச் செய்யாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அதே போல வாய்க்கால் மதகின் ஷட்டர், பாலத்தின் கைப்பிடிச் சுவர் இவற்றிலும் கட்டக் கூடாது. மதகு போனால் ஊர்ப் பாசனம் போகும்.

நம் டெல்டாவில் வின்ச் வாங்குவதைவிட இதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். கொம்பன் மாதிரி வின்ச் இருந்தும் கட்ட இடம் இல்லாமல் நின்ற வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மரம் இருந்தால் எந்த மரம்? புளி, வேம்பு, பனை. தென்னையைக் கடைசியாக வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நான் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வழி திறக்கப் போனேன். சாய்ந்து கிடந்த தென்னைகளின் வேர்ப்பந்தை அப்போது பார்த்தவர்கள் யாரும் ஈரத்தில் தென்னையில் வின்ச் கட்டமாட்டார்கள். ஆணிவேர் இல்லை, எல்லாம் சல்லிவேர், அதுவும் மேலாக. பனைக்கும் ஆணிவேர் இல்லைதான், ஆனால் அதன் வேர்க்கற்றை ஆழம் போகும். எதில் கட்டினாலும் அடிமரத்தில், தரையை ஒட்டி, அகலமான நாடாப் பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் மரப்பட்டை உரிந்து மரம் செத்துப்போகும். தலைமுறையாக நிழல் கொடுத்த மரம் நமக்காகச் சாக வேண்டாம்.

மரம் இல்லாத இடத்துக்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். முதலாவது தூரத்தைப் பிடிப்பது. வின்ச் கயிறு பெரும்பாலும் இருபத்தைந்திலிருந்து முப்பது மீட்டர். அதோடு முப்பது மீட்டர் நீட்டிப்புப் பட்டை ஒன்று வைத்துக்கொண்டால் கரைமேல் நிற்கும் மரமோ ரோட்டில் நிற்கும் டிராக்டரோ எட்டும். டிராக்டரை வயலுக்குள் இறக்காதீர்கள், கெட்டித் தரையிலேயே நிற்கட்டும். சக்கரத்துக்குக் கல் வைத்து, இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள்.

இரண்டாவது, ஸ்டெப்னியைப் புதைப்பது. இழுக்கும் திசைக்குக் குறுக்கே மூன்று அடி ஆழம் குழி. அதில் சக்கரத்தை நிற்க வைத்து, நடு ஓட்டை வழியாகப் பட்டையைக் கோத்து, பின்பக்கம் ஒரு உருட்டுக்கட்டையில் மாட்டுங்கள். பட்டை வெளியே வருவதற்குச் சாய்வாக ஒரு சால் வெட்ட வேண்டும். நேராக மேலே வந்தால் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் இது அருமையாக நிற்கும். கார்த்திகையில் இரண்டு அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடுகிறதே, அப்போது மூன்றாவது வழிதான்: சவுக்குக் கட்டை. கனமான ஐந்தடிக் கட்டை ஆறு எடுத்து, வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, மூன்றடிக்கு மேல் அடித்து இறக்குங்கள். முன் வரிசையில் மூன்று, அதற்குப் பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் ஒன்று. முன் கட்டையின் தலையிலிருந்து பின் கட்டையின் காலுக்கு கயிறு கட்டி முறுக்கி இறுக்குங்கள். வின்ச் கயிற்றை மாட்டுவது முன் வரிசையின் அடியில். இதில் முழு இழுப்பை எதிர்பார்க்காதீர்கள். சக்கரத்தின் முன் மண்ணை நன்றாக வெட்டி எடுத்துவிட்டு, மெதுவாக இழுங்கள். கட்டை அசைந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

கொள்ளிடத்து மணலில் சிக்கினால் இதெல்லாம் வேண்டியதே இல்லை. டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, மணலைத் தள்ளிவிட்டு, வந்த வழியே மெல்லப் பின்னால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு வேதாரண்யம் பக்கத்தில் தோட்டத்தையும் வயலையும் நானே பார்க்கிறேன். பழைய ஜீப்பில் இருக்கும் வின்ச்சின் இரும்புக் கயிறு துருவேறிவிட்டது. நைலான் மாதிரிக் கயிறு போடலாம் என்கிறார்கள். அது தாங்குமா? கையாள எது சுலபம்? (வாசகி, வேதாரண்யம்)

பதில்: தாங்கும் அம்மா. ஆனால் நைலான் கயிறு வேண்டாம். நைலான் நீளும், நீண்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். வின்ச்சுக்கென்றே சிந்தெடிக் கயிறு தனியாக வருகிறது. அதே தடிமனில் இரும்புக் கயிற்றுக்குக் குறையாத வலு, எடை மிகவும் குறைவு, தண்ணீரில் மிதக்கும். சேற்றில் முப்பது மீட்டர் இரும்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு நடப்பது ஆண்களுக்கே சிரமம். இதை நீங்கள் ஒரு கையில் எடுத்துப் போகலாம். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பைவிட இதுதான் ஏற்றது.

துருப்பிடித்த கயிற்றை இன்றே கழற்றிவிடுங்கள். ஒரு இழை பிய்ந்து நிற்கிற கயிறு எப்போது வேண்டுமானாலும் அறுபடும். அறுந்த கயிறு ஒன்று ஒரு ஜீப்பின் முன் கண்ணாடியைப் பிளந்து சீட்டில் குத்தி நின்றதை நான் பார்த்தேன். சீட்டில் ஆள் இல்லாதது அன்றைய பாக்கியம். சிந்தெடிக் கயிறு அவ்வளவு விசையோடு திரும்பாது, ஆனாலும் இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் கயிற்றின் நீளத்துக்கும் மேல் தள்ளி நிற்க வேண்டும்.

கயிற்றை மட்டும் மாற்றினால் போதாது. வின்ச்சுக்கு முன்னால் கயிறு நுழையும் இடத்தில் இருக்கிற உருளை வழிகாட்டியில், இரும்புக் கயிறு ஓடிய வெட்டுத் தழும்புகள் இருக்கும், அது புதுக் கயிற்றை அறுக்கும். அதை எடுத்துவிட்டு வழவழப்பான அலுமினிய வழிகாட்டி போடச் சொல்லுங்கள். கயிறு சுற்றும் உருளையிலும் பிசிறு இருந்தால் தேய்க்க வேண்டும். எவ்வளவு கயிறு வெளியே போனாலும் உருளையில் எட்டு முதல் பத்து சுற்று மிச்சம் இருக்கட்டும், இந்தக் கயிறு வழுக்கும். கயிற்றை வெளியே விடும்போது மோட்டாரால் விடாமல் வின்ச்சின் கிளட்சைத் தளர்த்திக் கையால் இழுங்கள். பிரேக் உருளைக்குள் இருக்கும் வின்ச்சில் சூடு கயிற்றை உருக்கிவிடும். கயிற்றில் முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் வலு பாதியாகிவிடும்.

இதன் எதிரி வெயிலும் சேற்று மண்ணும். மண் துகள் இழைகளுக்குள் புகுந்து உள்ளேயே அறுக்கும். வேலை முடிந்ததும் வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, நிழலில் உலர்த்தி, ஏதாவது பாரத்தில் மாட்டி இறுக்கமாகச் சுற்றிவையுங்கள். மாதம் ஒரு தடவை சும்மாவேனும் வின்ச்சை ஓட்டிப் பாருங்கள். பழைய ஜீப் எந்த மாடல், வின்ச்சில் என்ன எண் இருக்கிறது என்று எழுதினால் அது உங்கள் வண்டிக்குப் போதுமா என்றும் சொல்கிறேன்.

கேள்வி: தென்னந்தோப்புக்குள் காய் ஏற்ற நான்கு சக்கர ஏடிவி வாங்கியிருக்கிறேன். அதற்கு? (வாசகர், பேராவூரணி)

பதில்: வண்டி, நீங்கள், காய் எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வைத்தால் ஒன்றரை மடங்கு 750 கிலோ. 2500 பவுண்டு வின்ச் 1134 கிலோ இழுக்கும், போதும். தோப்பு மண் மணல் கலந்தது என்பதால் இரட்டிப்புக் கணக்கு வேண்டாம். பின்னால் டிரெய்லர் கட்டுவீர்கள் என்றால் 3500 வாங்குங்கள். ஏடிவியின் பேட்டரி மிகச் சின்னது, தம்பிக்கு மேலே சொன்னது உங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கேள்வி: வின்ச்சுக்காக இரும்பு பம்பர் போட்டால் போலீஸ், ஆர்.டி.ஓ. பிடிப்பார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முன்னால் இரும்புத் தடுப்புப் பொருத்திய வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்துபோகிறவர் மேல் மோதினால் அந்த இரும்பு அவரைக் கொல்லும், ஏர்பேக் விரிவதையும் கெடுக்கலாம். அந்தக் காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது. கம்பெனி பம்பருக்குப் பின்னால் சேஸிஸில் தகடு பிடித்து வின்ச்சை உள்ளே மறைக்கும் முறை இருக்கிறது, பாரமும் குறைவு. அதையும் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போர்வெல்லில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாரை ஜீப் வின்ச்சால் தூக்கலாமா? 9500 பவுண்டு, பாரம் அதற்குப் பாதிகூட இல்லையே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தூக்கக் கூடாது. வின்ச் தரையில் இழுப்பதற்குச் செய்தது. இழுக்கும்போது பிரேக் வழுக்கினால் வண்டி ஒரு அடி பின்னே போகும். தூக்கும்போது வழுக்கினால் தண்ணீர் நிறைந்த குழாயும் மோட்டாரும் கிணற்றுக்குள் போகும், குழாயைப் பிடித்து நிற்கும் ஆளின் விரலும் போகும். பாரம் தூக்கும் கருவிகளில் கயிறு அறுபடும் வலுவுக்கும் தூக்கும் பாரத்துக்கும் பல மடங்கு இடைவெளி விட்டுச் செய்வார்கள். வின்ச்சில் அந்த இடைவெளி கிடையாது. முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும், ஒவ்வொரு குழாயாகக் கிளாம்ப் போட்டுக் கழற்றுங்கள். போர் எத்தனை அடி, குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா, எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். எத்தனை டன் செயின் பிளாக் கேட்க வேண்டும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.